ரெட்டைத் தையல் கவுன்

துணியைத் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான். அதனால் முதல் கோபத்தை என் மேலேயே காட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் அப்பா எட்டு விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், கை மட்டும் ரொம்பக் கெட்டி. எந்தத் துணியைக் கண்டாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்போம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்போம். ஓரத்தில் ஒரு நூலை உருவி, அதை இழுத்து அறுத்துப் பார்ப்போம். கல்யாணச் சேலை எடுக்க நாங்கள் போனால் கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். தறி ஓட்டியிருப்பார்கள், இல்லையென்றால் நூல் வியாபாரம் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் சொந்தத்தில் யாராவது நைட்டி தைக்கிற யூனிட் வைத்திருப்பார்கள். துணி விஷயத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறின திமிர்.

நான் நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பரிண்டெண்டாக ஆகிவிட்டேன். தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையதுதான். கையுறை, முகக்கவசம், கவுன் எது வாங்குவதாக இருந்தாலும் என் கையெழுத்து வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கொரோனா அடங்கிய பிறகு எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவைப் பெரிதாக்கினார்கள். ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிற நோயாளிகளுக்குத் தனி அறை, தனி மெஷின். அந்த அறைக்குள் போகிற எல்லோரும் உடுப்புக்கு மேல் முழுக்கை கவுன் போட வேண்டும். பெரிய டாக்டர் அறையில் கவுன் தேர்வு நடந்தது. எழுபதை நெருங்கிய பெரிய டாக்டர், எப்போதும் வெள்ளைச் சட்டையில் வரும் மேனேஜர், நான். மேஜை மேல் இரண்டு மாதிரிகள் கிடந்தன.

ஒன்று நீலம். மெல்லிசு. உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. தையல் விழுந்த இடமெல்லாம் மேலே டேப் ஒட்டியிருந்தது. தொட்டால் சரசரவென்று சத்தம், போட்டால் அஞ்சு நிமிடத்தில் வேர்க்கும். இன்னொன்று வெள்ளை. ஜவுளிக்கடையில் சேலை போட்டுத் தருகிற பை இருக்கிறதே, அந்த நெய்யாத துணியில் நல்ல கனமான ரகம். சேலம் பக்கத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்த ஒருவர், கொரோனா சமயத்தில் கவுனுக்கு மாறியவர், தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மூன்று பேரும் எழுந்து நின்று துணியைத் தேய்த்தோம். மேனேஜர் நீலத்தை இரண்டு விரலால் தூக்கி, "இதென்னங்க, சவ்வுத்தாளாட்ட இருக்குது!" என்றார். பெரிய டாக்டர் வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சமே உள்ளே வரவில்லை. நானும் தேய்த்தேன். கைக்கு நிறைவாக இருந்தது. பழக்க தோஷத்தில் ஓரத்தில் நூலை உருவப் போனேன், உருவ அதில் நூலே இல்லை. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இது என் கைக்குத் தெரிந்த துணியில்லை, இதை என் விரல் அளக்காது என்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

தைத்தவர் கைப்பகுதியைத் திருப்பிக் காட்டினார். "ரெட்டைத் தையலுங்க்கா. ரெண்டு பேரு புடிச்சு இழுத்தாலும் பிரியாதுங்க."

மேனேஜரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தோம். பிரியவில்லை. "நெம்ப நல்ல துணிங்க சார்," என்று பெரிய டாக்டரிடம் சொன்னவள் நான்தான்.

முடிவு இப்படி ஆயிற்று. டாக்டர்களுக்கு நீலம், ஏனென்றால் அது பாக்கெட்டில் வருகிறது, பார்க்க வெளிநாட்டுச் சரக்குபோல இருக்கிறது. நர்சுகளுக்கும் ஆயாக்களுக்கும் வெள்ளை. அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது எனக்குள் ஒரு சிரிப்பு. மெல்லிசை டாக்டர்கள் தலையில் கட்டிவிட்டு, கெட்டித் துணியை என் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டோம் என்று. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னை நாலு அறை அறையலாம்போல இருக்கிறது.

ஆயா என்று சொன்னேன். கிழவிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையில் துடைக்கிற, அள்ளுகிற, பெட்பேன் எடுக்கிற பெண் எந்த வயதாக இருந்தாலும் அவளுக்கு ஆயா என்றுதான் பேர். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் இருந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் அப்பா வயதுள்ள பெரிய டாக்டரும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவார். மோகனூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போனால் நாலைந்து மாதம் கழித்து வருவார். ஒரே பெண், ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி. "தெனமும் சடை பின்றதுக்கே எனக்கு கால் மணி நேரமாகுதுங்," என்று அலுத்துக்கொள்வதுபோலப் பெருமை அடித்துக்கொள்வாள். அவளுக்கு வேலை காண்ட்ராக்டில். மருத்துவமனை ஆள் இல்லை, ஆனால் மருத்துவமனை முழுக்க அவள் கைபட்டுத்தான் சுத்தமாகும்.

வெள்ளைக் கவுன் வந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலை ஷிப்டில் அந்தத் தனி அறையில் ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது குழாய் இணைப்பு கழன்றுவிட்டது. மெஷின் கத்தியதும் நர்ஸ் ஓடிப் போய்க் குழாயை அடைத்துவிட்டாள். நோயாளிக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்குள் படுக்கையும் தரையும் ரத்தமாகிவிட்டது. அள்ளுவதற்கு யார் போவார்கள்? அவள்தான் போனாள். நனைந்த விரிப்பையெல்லாம் சுருட்டி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்து எடுத்துப்போய்ப் பையில் போட்டு, தரையைத் துடைத்து முடித்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் அறைக் கதவோரம் வந்து நின்றாள்.

"சிஸ்டருங், சேலையில கறையாயிருச்சுங்க. வேற யூனிபாரம் சேல இருந்தாக் குடுங்க, மாத்திக்கறனுங்க."

"கவுன் போட்டிருந்தயில்ல? அப்பறம் சேலையில எப்படிக் கறையாச்சு?"

"போட்டிருந்தனுங்க. அதையும் மீறி ஆயிருச்சுங்க."

கழற்றிப் போட்ட கவுன் எங்கே என்று கேட்டுப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, குப்பைப் பையிலிருந்து அதை எடுத்தேன். கைப்பகுதியை உள்பக்கம் திருப்பினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிவப்புப் புள்ளிகள். ஒரு வரிசை இல்லை, இரண்டு வரிசை. ரெட்டைத் தையல் ஓடிய இடத்தில், ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் ஒரு புள்ளி.

இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஊசி குத்தியிருப்பேன்! ஊசி போன இடத்தில் ஓட்டை இருக்கும் என்பது எனக்கு ஒரு தைக்கிற ஆள் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இரண்டு தையல் என்றால் இரண்டு மடங்கு ஓட்டை. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, பிரியவில்லை என்று பாராட்டியிருக்கிறேன்.

"கையக் காட்டு," என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. அப்பவே சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டனுங்க."

"காட்டுடீ."

நீட்டினாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். சில இடத்தில் தோல் இன்னும் காயவில்லை.

"இதென்ன?"

"கரும்புச் சோகைங்க. நேத்து லீவில்லீங்களா, எங்கூர்ல ஒருத்தரு காட்டுல சோகை உரிக்கப் போனனுங்க."

கரும்புக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். சோகை என்கிற அந்தக் காய்ந்த தோகையின் ஓரம் ரம்பம் மாதிரி. முழுக்கைச் சட்டை போடாமல் நுழைந்தால் கையைக் கிழித்துப் போட்டுவிடும். கிழிந்த தோல் மேல் கிருமி உள்ள ரத்தம் பட்டிருக்கிறது.

"மஞ்சக்காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கயா சாமி? மூணு தடவை போடறது?"

"எங்களுக்கெல்லாம் யாருங்க போட்டா? காண்ட்ராக்ட் ஆளுகளுக்கு அப்பறம் போடறம்னு சொன்னாங்க. அப்பறம் ஒண்ணுங் காணோமுங்க."

ரெஜிஸ்டரைத் திறந்தேன். டாக்டர்கள் எல்லோருக்கும் மூன்று ஊசியும் போட்டாயிற்று. நர்சுகளுக்குப் போட்டாயிற்று. லேப் ஆட்களுக்கு, ஏன், வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக்கூடப் போட்டாயிற்று. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒரு தனித்தாள் இருந்தது. அது வெறும் தாள். ரத்தத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கு ஊசி, ரத்தத்தை அள்ளுகிறவளுக்கு அப்புறம். அந்தத் தாளுக்குக் கீழே மாதா மாதம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்.

இந்த மாதிரி சமயத்தில் தடுப்பூசியோடு இன்னொரு ஊசியும் உடனே போட வேண்டும். தாமதிக்கக் கூடாது. எங்களிடம் அது இல்லை, சேலத்தில் இருந்தது. ஆம்புலன்ஸை அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் போனேன். "அத்தனை அவசரமுங்களா சிஸ்டர்? நாளைக்குக் காலைல மருந்து வண்டியில வந்துருமே," என்றார். இதே ரத்தம் ஒரு டாக்டர் கையில் பட்டிருந்தால் ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கும். அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஆம்புலன்ஸ் போயிற்று. சாயந்தரத்துக்குள் இரண்டு ஊசியும் அவளுக்குப் போட்டுவிட்டோம். ரத்தம் எடுத்து அனுப்பினோம். அப்போதைக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"ஆறு மாசம் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்க சாமி," என்று சொல்லி அனுப்பினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள் கூட்டம். பெரிய டாக்டர், மேனேஜர், கவுன் தைத்தவர், நான். மேனேஜர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா லீவு நாள்ல கரும்புக் காட்டுக்குப் போயி கையைக் கிழிச்சுக்கிட்டு வந்ததுக்கு நாம என்னங்க பண்றது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "லீவு நாள்ல காட்டுக்குப் போகாமச் சாப்பிடற மாதிரி அந்தப் புள்ளைய நாம வெச்சிருக்கமுங்களா? அப்படி வெச்சிருந்தா நீங்க இதைப் பேசுங்க," என்றேன். அவர் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

தைத்தவருக்கு மனத்தாங்கல். தன் சரக்கைக் குறை சொல்லிவிட்டார்களே என்று. "என்ற துணியில ஒரு குத்தஞ் சொல்ல முடியாதுங்க்கா. ரெட்டைத் தையலுங்க," என்றார் மறுபடியும்.

"பிரியாது, செரி. ஒழுகாதுங்களா?"

"தெச்ச எடத்துல எப்படிங்க்கா ஒழுகும்? தெக்காத எடந்தான ஒழுகும்?"

அந்த ஆளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் நான் நினைத்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். பெரிய டாக்டரும் "நல்ல கனமாத்தானே சிஸ்டர் இருந்துச்சு," என்று இழுத்தார். பேசிப் பயனில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அதனால் கையோடு ஏற்பாடு செய்துதான் போயிருந்தேன்.

காண்டீனில் மஞ்சள் தூள் வாங்கி, வாசலில் பூக்கட்டுகிற அம்மாவிடம் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு வாங்கி, ஒரு பேசின் நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தேன். ஆரத்தி எடுக்கிற அதே சிவப்பு. அதில் ஒரு பழைய படுக்கை விரிப்பை முக்கி, கதவுக்கு வெளியே வைத்திருந்தேன். அதை உள்ளே கொண்டுவந்து மேஜைப் பக்கத்தில் வைத்தேன். மேனேஜரிடம் ஒரு வெள்ளைக் கவுனை நீட்டினேன்.

"போட்டுக்கங்க."

"நானுங்களா?"

"நீங்கதான. நல்ல துணிதானுங்களே, பயமென்ன?"

பெரிய டாக்டர் முன்னால் மறுக்க முடியாமல் வெள்ளைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டார். நனைந்த விரிப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். "அந்தப் புள்ள எடுத்தாப்பல மாரோட அணைச்சுப் புடிங்க. இங்கிருந்து கதவு வரைக்கும் போயிட்டு வாங்க." போய்விட்டு வந்தார். "இப்பக் கழட்டுங்க."

கழற்றினார். வெள்ளைச் சட்டையின் இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டிரண்டு வரிசை சிவப்புப் புள்ளி. நெஞ்சில் ஒரு பெரிய கறை. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். தைத்தவர் குனிந்து, ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். அவர் முகம் செத்துப்போயிற்று.

பிறகு நீலக் கவுனை நானே மாட்டிக்கொண்டு, அதே விரிப்பைத் தூக்கிக்கொண்டு, அதே தூரம் நடந்தேன். கழற்றிக் காட்டினேன். என் கை காய்ந்திருந்தது. நாங்கள் சவ்வுத்தாள் என்று கேலி செய்த படலமும், அசிங்கமாக ஒட்டியிருக்கிறது என்று நினைத்த டேப்பும்தான் வேலையைச் செய்தன.

"செரி," என்றார் பெரிய டாக்டர். "நர்சுகளுக்கும் இதையே வாங்கிருங்க."

"ஆயாக்களுக்குங்க சார்?"

"அவங்களுக்கு அந்த வெள்ளையே இருக்கட்டும் சிஸ்டர். மேல ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கட்டும்."

"ஏப்ரனுக்குக் கை எங்கீங்க சார் இருக்குது?"

நான் விடவில்லை. "அந்த ரூமுக்குள்ள நீங்க எத்தன நேரஞ் சார் நிக்கறீங்க? கதவுக்கிட்ட நின்னு எப்படியிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போயிருவீங்க. நர்சு ஊசி போடறா, மெஷினப் பாக்கறா. சிந்துனத அள்ளறது யாருங்க? துணிய ஆளோட படிப்பப் பாத்துக் குடுக்கறமா, அவ அள்ளறதப் பாத்துக் குடுக்கறமா?"

"யோசிப்பம்," என்று சொல்லி எழுந்துவிட்டார். யோசிப்போம் என்று சொல்லி எழுந்தால், அத்தோடு அந்தப் பேச்சு குழிக்குள் போயிற்று என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கவுன் ஆர்டருக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் இரண்டு தடவை தாளை அனுப்பினார், இரண்டு தடவையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். ஸ்டோரில் இருந்த நீலப் பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து ஆயாக்களும் நர்சுகளும் உடுப்பு மாற்றுகிற அறையிலிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தேன். தனி அறைக்கு வெளியே டாக்டர்கள் எடுத்துக்கொள்கிற கொக்கியில் வெள்ளைக் கவுன்களை மாட்டினேன். நல்ல துணி, கனமான துணி, ரெட்டைத் தையல்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கொக்கியைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். அவர் கை அதுவாகவே கைப்பகுதியைத் திருப்பி, தையலைப் பார்த்தது. திரும்ப மாட்டிவிட்டார். கதவுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே இருந்த நோயாளியிடம், "எப்படிங்க இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டார். உள்ளே போகவில்லை. உள்ளே நீலக் கவுன் போட்டுக்கொண்டு அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மதியம் மேனேஜர் புதுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லோருக்கும் ஒரே கவுன், டேப் ஒட்டிய நீலம். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தடுப்பூசி போட அதே தாளிலேயே அனுமதியும் இருந்தது. நியாயத்தைச் சொன்னபோது அசையாத மனுசன் தன் தோல் என்று வந்ததும் ஒரே நாளில் அசைந்துவிட்டார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

மிச்சமிருந்த வெள்ளைக் கவுன்களை ஆயாக்கள் ஆளுக்கு இரண்டாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவளும் கொண்டுபோனாள். அதைப் போட்டுக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் போனால் சோகை கிழிப்பதில்லையாம். நல்லதாயிற்று. அதற்கு அது ஏற்ற துணிதான்.

ஆறு மாதம் ஓடியது. அந்த ஆறு மாதமும் நான் ஊரெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தேன். ராசிபுரத்தில், சேலத்தில் இருக்கிற சக சிஸ்டர்களுக்குப் போன் போட்டு, தையலைத் திருப்பிப் பாருங்கள், டேப் இருக்கிறதா பாருங்கள், கனத்தை நம்பாதீர்கள் என்று பாடம் நடத்தினேன். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்துக் காட்டினேன். நல்ல பெயர் கிடைத்தது. அவளை அடுத்த இரண்டு ஊசிக்கு மட்டும் மறக்காமல் கூப்பிட்டேன். வந்தாள், சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள், போட்டுக்கொண்டு போனாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ரிப்போர்ட் வந்த அன்று மதியம் அவளை என் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணுமில்ல சாமி. கிருமி வரல."

"இல்லீன்னா, சுத்தமா இல்லீங்களா?"

"சுத்தமா இல்ல. இனி நீ எதுக்கும் பயப்படவேண்டியதில்ல."

அப்புறம்தான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படீன்னா தட்டு, தம்ளரெல்லாம் இனி ஒண்ணாப் போட்டுக் கழுவலாமுங்களா?"

எனக்குப் புரியவில்லை. என்ன தட்டு என்று கேட்டேன். அவள் சொன்னாள். ஊசி போட்டுக்கொண்டு போன அன்றிலிருந்தே தனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். படுக்கை, வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற கட்டுத்தரை ஓரத்தில். வீட்டுக்காரர் ரிக் வண்டியிலிருந்து பத்து நாள் வந்திருந்தபோதும் அங்கேதான். சோற்றை ஆக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவாளாம், மகளே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வாளாம்.

"புள்ளைக்குச் சடை பின்னி ஆறு மாசமாச்சுங்க. பக்கத்தூட்டுப் புள்ளகிட்டப் போயிப் பின்னிக்கும். தானாப் பின்ன வரலீன்னு, போன மாசம் பாதி முடிய வெட்டிப்போட்டு வந்துருச்சுங்க."

தனித் தம்ளர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் தறிக்குடோனுக்குப் பின்னால் ஒரு ஆணியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது யாருக்கு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் அது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். அடுத்தவர்கள் இத்தனை காலம் அவளுக்கு வைத்ததை, இந்த ஆறு மாதம் அவளே தன் வீட்டுக்குள் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அன்று சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். ஜாக்கிரதையா இருந்துக்க. எதில், எப்படி, யாரிடம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, பொதுவாக ஒரு வார்த்தை போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, சடை பின்னினால் ஒட்டாது. இதைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அதெல்லாம் பண்ணியிருக்கலாம் சாமி. தொடறதுல இது பரவாது. இந்த ஆறு மாசமும் நீயே பின்னி உட்டிருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. மேனேஜர் கத்தும்போது வந்ததில்லை, ரத்தம் பட்ட அன்றுகூட வந்ததில்லை.

"ஏனுங் சிஸ்டரு, அந்தத் துணிக்கோசரம் பெரிய டாக்டருகிட்ட, மேனேஜருகிட்ட, அத்தன பேருகிட்டயும் சண்ட போட்டீங்களே. இத எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து, நீலக் கவுன் அலமாரியின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். டியூட்டி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என்னிடம் கேட்காமலேயே வெளியே போய், மகளுக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஊர் போய்ச் சேருகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.